அடமானத்தில் தொடங்குங்கள்: ஆனி ஓக்லி கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை

குடியாத்தத்தில் ஒரு நூலக அறையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மதியம் மூன்று மணிக்குப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறேன். முப்பத்தோரு வருடம் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆறாவதிலிருந்து ஒன்பதாவது வரை படிக்கிற இருபது, இருபத்தைந்து பேர் வருவார்கள். பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள், கைலி நெய்கிற வீட்டுப் பிள்ளைகள், தீப்பெட்டி கம்பெனிக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். நான் சொன்ன கதைகளில் "இன்னொரு வாட்டி சொல்லுங்க டீச்சர்" என்று அவர்கள் அதிகம் கேட்டது ஆனி ஓக்லி கதையைத்தான். குறி தப்பாமல் சுடுவதில் உலகப் பேர் வாங்கிய அமெரிக்கப் பெண் அவள். 1860இல் பிறந்து 1926இல் இறந்தாள். நான் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறேன் என்று சில ஆசிரியைகள் கேட்டார்கள். அவர்களுக்காகவும், வீட்டில் சொல்ல நினைக்கிற அம்மாக்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நான் தப்பான இடத்தில் தொடங்கினேன். தொண்ணூறு அடி தூரத்தில் சீட்டுக்கட்டின் ஒரு சீட்டை விளிம்பு தெரியும்படி நிறுத்தி, அதை இரண்டாகப் பிளப்பாள் என்று ஆரம்பித்தேன். பையன்கள் உடனே விரலை நீட்டி "டுமீல் டுமீல்" என்று சுட ஆரம்பித்துவிட்டார்கள். பத்து நிமிடம் கழித்து அவள் பட்ட கஷ்டத்துக்கு வந்தபோது யாருடைய காதிலும் ஏறவில்லை. அடுத்து எதைச் சுடுவாள் என்றுதான் காத்திருந்தார்கள். கதை சர்க்கஸ் ஆகிவிட்டது.

அடுத்த முறை இப்படித் தொடங்கினேன்: "ஒரு அம்மா இருந்தாள். புருஷன் செத்துப்போனான். வீடும் கொஞ்சம் நிலமும் அடமானத்தில் இருந்தது. கடன் 200 டாலர்." அவ்வளவுதான், அறை அமைதியாகிவிட்டது. அடமானம் என்றால் என்ன என்று எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டாம். கம்மல் எந்தக் கடையில் இருக்கிறது, வட்டி எந்தத் தேதியில் கட்ட வேண்டும் என்பதுவரை அவர்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து இந்தக் கதையை நான் அடமானத்தில்தான் தொடங்குகிறேன். அந்த அடமானத்தை மீட்ட பிறகுதான் அவளை மேடைக்குக் கொண்டுவருகிறேன். துப்பாக்கி அவளுக்கு முதலில் பிழைப்பு. வித்தை ஆனது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை மாற்றினால் கதை போய்விடும்.

கையில் வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு பழைய சீட்டுக்கட்டு, ஒரு துணிக் கிளிப், முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி, ஐம்பத்தைந்து புளியங்கொட்டை, காகிதத்தில் ஓட்டை போடும் பஞ்சிங் மெஷின், கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய சின்ன அட்டைகள். பக்கத்து ஜூஸ் கடையில் சொல்லிவைத்தால் ஒரு டப்பா ஐஸ் கட்டி தருவார்கள். பொம்மைத் துப்பாக்கி மட்டும் வேண்டவே வேண்டாம். அது வந்தால் பிள்ளைகளின் கண் அதை விட்டு நகராது, உங்கள் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பெயரைச் சொன்னதும் ஒரு சிரிப்பு எழும். ஆனி என்றால் மாதமாயிற்றே! பிறந்தது ஆகஸ்ட் 13, நம் கணக்கில் ஆடி, பெயரோ ஆனி என்று நானே சொல்லிவிடுவேன். சிரித்து முடிக்கட்டும். உண்மையான பெயர் ஃபீபி ஆன் மோசி. ஊர், ஒஹாயோ மாநிலத்தில் டார்க் என்ற மாவட்டம். ஓக்லி என்பது பிற்பாடு மேடைக்காக அவளே வைத்துக்கொண்டது. அப்பா பெயர் ஜேக்கப், அம்மா சூசன். வீட்டில் பிள்ளைகள் நிறைய.

அடுத்து பனிப்புயல். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைக்குப் பனிப்புயலைச் சொல்வது லேசான வேலை இல்லை. மே மாதம் தார்ச்சாலையில் செருப்பு ஒட்டிக்கொள்கிற ஊர் இது. குளிர் என்றால் மார்கழியில் ஏலகிரி போய் வந்தது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த இடத்தில் ஆளுக்கு ஒரு ஐஸ் கட்டியைக் கையில் கொடுத்து, கையை மூடிக்கொள்ளச் சொல்வேன். மூடின கையோடு கேட்க வேண்டும். 1865ஆம் வருடத்தின் கடைசி, குளிர்காலம். சாமான் வாங்க வண்டி கட்டிக்கொண்டு போன அப்பா திரும்பும் வழியில் பனிப்புயலில் மாட்டிக்கொண்டார். நடுராத்திரி வண்டி வீட்டு வாசலுக்கு வந்தபோது லகான் அவர் கழுத்தில் சுற்றியிருந்தது. கை இரண்டும் உறைந்துபோய் லகானைப் பிடிக்க முடியவில்லை. பேச்சும் போய்விட்டது. சில மாதம் படுக்கையில் கிடந்து 1866இல் இறந்தார். ஆனிக்கு அப்போது ஐந்து வயது.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் ஐஸைக் கீழே போட்டிருப்பார்கள். யாரையும் கடிந்துகொள்ள வேண்டாம். "அவரால் கீழே போட முடியவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.

எட்டு வயதில் அவள் முதன்முதலாகச் சுட்டாள். அப்பாவின் பழைய துப்பாக்கி வீட்டில் மாட்டியிருந்தது. அதை எடுத்து ஒரு அணிலைச் சுட்டாள், சமைத்துச் சாப்பிடுவதற்காக. இந்த இடத்தில் நம் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். முதுகில் மூன்று கோடு போட்ட, ராமர் தடவிக் கொடுத்த அணிலாயிற்றே. நான் அதை மாற்றிச் சொல்வதில்லை, முயல் என்று மழுப்புவதும் இல்லை. அந்தக் காட்டில் அணில் கறி, அந்த வீட்டில் பசி. அவ்வளவுதான் சொல்வேன். இங்கே இன்று வேட்டை கூடாது, 1972ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது என்பதையும் அப்போதே சொல்லிவிடுவேன். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

ஓநாய் வீடு

கதையில் நீங்கள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம் இதுதான். எனக்கு நாற்பது நிமிடம் என்றால் பன்னிரண்டு நிமிடத்தை இதற்கே வைத்துக்கொள்வேன்.

அம்மாவால் எல்லாப் பிள்ளைக்கும் சோறு போட முடியவில்லை. 1870 மார்ச்சில், ஒன்பது வயதில், ஆனியை மாவட்டத்து ஏழை விடுதியில் விட்டார்கள். கூடவே ஒரு அக்காவும். அங்கே தையலும் எம்ப்ராய்டரியும் கற்றுக்கொண்டாள். பின்னாளில் தன் மேடை உடுப்பு எல்லாவற்றையும் தானே தைத்துக்கொண்டாள், அதற்கு விதை அங்கே விழுந்தது. கொஞ்ச நாளில் ஒரு குடியானவர் வந்தார். "குழந்தையைப் பார்த்துக்கொண்டால் போதும், பள்ளிக்கூடத்துக்கும் அனுப்புகிறோம், வாரம் 50 சென்ட் கூலி" என்றார். அனுப்பி வைத்தார்கள்.

காலை நான்கு மணிக்கு எழுப்பினார்கள். சமையல், பால் கறப்பது, பாத்திரம், கன்றுக்கும் பன்றிக்கும் தீனி, தண்ணீர் இறைப்பது, தோட்டத்தில் களை, குழந்தையைத் தூங்கவைப்பது. பள்ளிக்கூடமும் கிடையாது, கூலியும் கிடையாது. அடி உண்டு. ஒரு ராத்திரி துணி தைத்துக்கொண்டே கண் அசந்துவிட்டாள் என்று வெறுங்காலோடு பனியில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஐஸ் பிடித்த கை இன்னும் விறைத்திருக்கிற பிள்ளைகளுக்கு இந்த வரி போதும். நீங்கள் குரலை உயர்த்தவே வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. அவள் நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள் என்று அந்த வீட்டுக்காரர் அம்மாவுக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்தக் கதையை ஒரு நாள் வீட்டில் என் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். அக்காவுக்கு எழுபது வயது. எங்கள் அப்பா இறந்த வருடம் அம்மா முன்பணம் 300 ரூபாய் வாங்கி, ஒரு பீடி ஏஜென்ட் வீட்டில் அக்காவை வேலைக்கு விட்டாள். அக்காவுக்கு அப்போது பதினோரு வயது. மூன்று வருடம் இலை வெட்டினாள், சுற்றினாள். பள்ளிக்கூடம் அதோடு நின்றது. கடைக்குட்டியான நான் மட்டும் படித்தேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "பொண்ணு நல்லா கீறான்னு அந்த அம்மாகிட்ட சொன்னது யாரு?" கடிதம் போட்டார்கள் என்றேன். "நம்ம அம்மாகிட்ட வாயால சொன்னாங்க" என்றாள். அப்புறம் முறத்தை மடியில் எடுத்துக்கொண்டு அரிசி புடைக்கப் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் இந்தப் பகுதியை எப்படிச் சொல்வது என்று எனக்குப் பிடிபட்டது. அடியைப் பெரிதாகச் சொல்லக் கூடாது. அந்தக் கடிதத்தைச் சொல்ல வேண்டும். நான் இப்போது ஒரு வெள்ளைத் தாளை மடித்து, கடிதம் படிப்பதுபோலப் படிக்கிறேன்: "உங்கள் மகள் இங்கே சுகம்." படித்துவிட்டுத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன். ஒரு வார்த்தை கூட விளக்கம் சொல்வதில்லை.

சுமார் இரண்டு வருடம் அந்த வீட்டில் இருந்தாள். ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஓடிவந்துவிட்டாள். அந்தக் குடும்பத்தின் பெயரைக் கடைசிவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. "ஓநாய்கள்" என்றுதான் எழுதினாள். எட்டாவது படிக்கிற ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "அந்த ஓநாயிங்க பேரு இன்னா டீச்சர்?" அவள் சொல்லவில்லை என்றேன். "ஏன் சொல்லல?" என்றாள். இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். பதிலை நீங்கள் கொடுக்காதீர்கள். "நீ என்ன நினைக்கிறே?" என்று திருப்பிக் கேளுங்கள். பயம் என்பாள் ஒருத்தி. அவங்க பிள்ளைங்களுக்கு அசிங்கம் வரக் கூடாதுன்னு என்பாள் இன்னொருத்தி. பேசவிட்டுக் கேளுங்கள்.

இப்போது கணக்குப் போட வையுங்கள். ஓநாய் வீட்டார் சொன்ன கூலியை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் வாரம் 50 சென்ட், அதாவது அரை டாலர். கடன் 200 டாலர். எத்தனை வாரம்? 400 வாரம் என்று யாராவது கத்துவார்கள். வருடத்தில் எவ்வளவு? ஏழு வருடம் எட்டு மாதம் கிட்ட. அதுவும் ஒரு சென்ட்கூடச் செலவு செய்யாமல் இருந்தால்.

அவள் வேறு வழி பிடித்தாள். காட்டில் காடையும், கவுதாரி மாதிரியான பறவைகளும் முயலும் சுட்டு, கிரீன்வில் ஊரில் இருந்த ஒரு மளிகைக் கடைக்கு விற்றாள். அங்கிருந்து சின்சினாட்டி நகரத்து ஓட்டல்களுக்குப் போகும். பறவையின் தலையில் மட்டும் அடிப்பாள், கறியில் துப்பாக்கி ரவை இருக்காது, அதனால் ஓட்டல்காரர்கள் அவள் சரக்கை விரும்பினார்கள் என்று சொல்வார்கள். காடை வறுவல் கடைக்கு முன்னால் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும். பதினைந்து வயதில் அந்த 200 டாலரையும் கட்டி அம்மாவின் வீட்டை மீட்டுக் கொடுத்தாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். நீங்களும் இருங்கள்.

வில் வளைத்தவள்

அடுத்தது போட்டி. ஃபிராங்க் பட்லர் என்று ஒருவர், ஊர் ஊராகப் போய்த் துப்பாக்கி வித்தை காட்டுகிறவர். உள்ளூரில் யார் வந்தாலும் ஜெயிப்பேன் என்று சின்சினாட்டியில் 100 டாலர் பந்தயம் கட்டினார். எதிரில் வந்து நின்றது ஐந்தடி உயரமே உள்ள ஒரு பெண். இருபத்தைந்தாவது குறியில் பட்லருக்குத் தப்பியது, அவளுக்குத் தப்பவில்லை.

இது 1875இல் நடந்ததாகச் சொல்கிறவர்களும் உண்டு, 1881 என்பவர்களும் உண்டு. பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லிவிடுங்கள். மேடைக்கு வந்த பிறகு அவள் தன் வயதைக் குறைத்துச் சொன்னதால் வருடக் கணக்குகள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் குழப்பம் பிடிக்கும். வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிற வருடங்களையும் யாரோ உட்கார்ந்து ஒத்துப் பார்த்துத்தான் எழுதினார்கள் என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். ராத்திரி கூத்தில் வில்வளைப்பு பார்க்காத பிள்ளை குறைவு. மேலே சுழலுகிற மச்சத்தை, கீழே தண்ணீரில் தெரிகிற நிழலைப் பார்த்தபடியே அர்ச்சுனன் அடிக்கிறான், பாஞ்சாலியை மணக்கிறான். அதனால் இந்தப் பகுதியை நான் கூத்து பாணியிலேயே செய்கிறேன். ஒரு வாயாடிப் பையனைக் கட்டியங்காரனாக நிறுத்திவிடுவேன். "சபைக்கு வந்திருக்கிறது யாரு? எந்த ஊரு? கையிலே என்ன?" என்று அவன் கேட்க வேண்டும். ஒரு பெண் ஆனியாக வந்து பதில் சொல்ல வேண்டும். இரண்டு பெட்ஷீட் பிடித்தால் திரை ஆகிவிடும். பதில்களை நான் எழுதிக் கொடுப்பதில்லை. "டார்க் மாவட்டம், அடமானத்தை மீட்டவ" என்று ஒரு முறை ஒரு பிள்ளை தன் அறிமுகத்தைச் சொன்னாள். ஆனிக்கு அதைவிட நல்ல பட்டம் எனக்குத் தெரியாது.

வில்வளைப்பில் ஜெயித்தவன் மணமகன். இங்கே ஜெயித்தவள் மணமகள். இதைச் சொன்னதும் பெண் பிள்ளைகள் பக்கம் சலசலப்பு வரும். பட்லர் தோற்றதற்காக முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவளைக் கட்டிக்கொண்டார். கொஞ்ச காலத்தில், அவள் தன்னைவிட நன்றாகச் சுடுகிறாள் என்று தெரிந்து, மேடையில் முன்னால் அவளை விட்டுவிட்டு, குறிகளைத் தூக்கிப் போடுகிற வேலையைத் தான் எடுத்துக்கொண்டார். வரவு செலவும் அவர் பொறுப்பு. ஐம்பது வருடம் போல அப்படியே ஓடியது. 1946இல் அமெரிக்காவில் வந்த ஓர் இசை நாடகத்தில், அவள் வேண்டுமென்றே தோற்று அவர் மனசைச் சம்பாதித்ததாக மாற்றிவிட்டார்கள். அது நடந்ததல்ல. தயவுசெய்து அந்த முடிவைச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் போய் விட்டுக்கொடுத்துத் தோற்றுப் போ என்று சொல்ல நமக்கு இந்தக் கதை வேண்டாம்.

சீட்டு, கண்ணாடி, ஓட்டை

இப்போதுதான் வித்தை. இவ்வளவு நேரம் காத்திருந்ததற்குப் பிள்ளைகளை எழுப்பி நடக்க விடுங்கள்.

ஒரு சீட்டைக் கிளிப்பில் மாட்டி, விளிம்பு மட்டும் தெரிகிற மாதிரி மேசைமேல் நிறுத்துங்கள். பிள்ளைகளை அதைப் பார்த்தபடியே பின்னால் நடக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எட்டுக்கும் "தெரியுதா?" என்று கேளுங்கள். பத்து எட்டுக்குள்ளேயே சிலர் "காணோம் டீச்சர்" என்பார்கள். ஆனி சுட்டது முப்பது எட்டிலிருந்து. எங்கள் நூலக அறையில் அவ்வளவு இடம் கிடையாது. கதவைத் திறந்து வராண்டாவைத் தாண்டி வேப்பமரம்வரை போக வேண்டும். மரத்தடியிலிருந்து திரும்பிப் பார்க்கிற பிள்ளைக்கு மேசையே சின்னதாகத் தெரியும். அங்கே நின்றுகொண்டு அவர்களாகவே பேசாமல் ஆகிவிடுவார்கள். நாம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கண்ணாடி. ஒரு பிள்ளை சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். கையில் கண்ணாடி. பின்னால் ஒருவர் பிடித்திருக்கும் காசைக் கண்ணாடியில் பார்த்து, தோளுக்கு மேலாக விரலை நீட்டிக் காட்ட வேண்டும். இடது எது வலது எது என்று தடுமாறுவார்கள். ஆனி துப்பாக்கியைத் தோள்மேல் பின்பக்கமாகச் சாய்த்து, கண்ணாடியில் பார்த்தே சுட்டாள். "அர்ச்சுனன் மாதிரி" என்று எந்தப் பிள்ளையாவது சொல்லும்வரை நான் காத்திருப்பேன். எப்போதும் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

பெரிய எண்களையும் சொல்லுங்கள், ஆனால் தப்பிய கணக்கோடு சேர்த்து. 1885இல் ஒரே நாளில் மேலே வீசிய 5,000 கண்ணாடி உருண்டைகளில் 4,772ஐ உடைத்தாள். அப்படியானால் தப்பியது 228. இந்த 228ஐச் சொன்னால்தான் 4,772 நம்பும்படி ஆகிறது. உருண்டைகளுக்கு ஷாட்கன் என்கிற, சின்ன ரவைகள் சிதறிப் போகிற துப்பாக்கி. அதற்கு முந்தின வருடம் ஒற்றைக் குண்டு போகும் பாயிண்ட் டூ டூ ரைஃபிளால் 1,000க்கு 943. இரண்டும் வேறு வேறு வித்தை என்று பெரிய பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லலாம்.

அந்த பாயிண்ட் டூ டூவை நான் தொட்டிருக்கிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தபோது ஒரே ஒரு தடவை சுட விட்டார்கள். ஜமுக்காளத்தில் குப்புறப் படுத்து, ஐந்து ரவுண்டு. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தணும், விரலால் சுண்டக் கூடாது, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெதுவாக அழுத்தணும் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். என் ஐந்தும் காகிதத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவியிருந்தன. அசையாத காகிதம், பக்கத்திலேயே இருந்தது, நான் படுத்திருந்தேன். அவள் நின்றபடி, ஓடுகிற குதிரைமேல் உட்கார்ந்தபடி, பறக்கிறதை அடித்தாள். அந்தக் காகிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். கதையின்போது சுற்றுக்கு விடுவேன். உங்களிடம் அப்படி ஒன்று இல்லாவிட்டால் பரவாயில்லை, மூன்று கிலோ அரிசிப் பையைத் தோளுயரத்தில் நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் கை நடுங்கும். அந்த நடுக்கத்தோடு குறி பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

ஊர் ஊராகப் போனதையும் ராஜாக்களைப் பார்த்ததையும் வேகமாகத் தாண்டிவிடலாம். 1885இல் பஃபலோ பில் என்பவரின் பெரிய காட்சிக் குழுவில் சேர்ந்தாள். 1887இல் லண்டனில் விக்டோரியா ராணி முன்னால் சுட்டாள். நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் பேர் இருக்கிற அதே விக்டோரியா. 1889இல் பாரிஸ். இதில் ஒன்றை மட்டும் நின்று சொல்லுங்கள்: லகோட்டா என்ற பழங்குடி மக்களின் தலைவர் சிட்டிங் புல் அவள் சுடுவதை 1884இல் பார்த்து, அவளைத் தன் மகளாகவே ஏற்றுக்கொண்டு ஒரு பெயர் வைத்தார். குறி தப்பாத சின்னவள் என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஐந்து வயதில் அப்பாவை இழந்தவளுக்கு இன்னொரு அப்பா கொடுத்த பெயர்.

1894இல் எடிசனின் கூடத்தில் அவளைப் படம் பிடித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஓடாது, சத்தமும் கிடையாது. புகை மட்டும் வரும். போனில் காட்டலாம், கதை முடிந்த பிறகு மட்டும். முன்னால் காட்டினால் அவர்கள் மனசில் உருவாகிற ஆனி போய்விடுவாள்.

ஐம்பத்தைந்து புளியங்கொட்டை

பிள்ளைகள் இப்போது களைத்திருப்பார்கள். தரையில் வட்டமாக உட்காரவைத்து நடுவில் புளியங்கொட்டையைக் கொட்டுங்கள். ஆளுக்கு இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளட்டும்.

1903இல் சிகாகோவில் ஒரு பெண் திருட்டு வழக்கில் மாட்டினாள். போதைப்பொருளுக்காகத் திருடியவள், தன் பெயர் ஆனி ஓக்லி என்று சொல்லிக்கொண்டாள். விசாரிக்காமல் பத்திரிகைகள் அப்படியே போட்டன. நிஜ ஆனி அப்போது அந்த ஊரிலேயே இல்லை. சில பத்திரிகைகள் மன்னிப்புப் போட்டன. அவளுக்கு அது போதவில்லை. 55 பத்திரிகைகள் மேல் வழக்குப் போட்டாள். ஏழு வருடம் போல ஊர் ஊராக ரயிலில் போய்க் கோர்ட்டில் சாட்சி சொன்னாள். பெரிய பத்திரிகை முதலாளியான ஹர்ஸ்ட், அவளைப் பற்றி ஏதாவது அழுக்குக் கிடைக்குமா என்று டார்க் மாவட்டத்துக்கே ஆள் அனுப்பித் தேடவிட்டார். ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது ஒவ்வொருவராகக் கொட்டையை வலது பக்கம் வைக்க வேண்டும். ஒன்று ஜெயிப்பு, ஒன்று ஜெயிப்பு என்று வைத்துக்கொண்டே வரட்டும். 54 வலது பக்கம் போகும். கடைசி ஒன்று இடது பக்கம். 55இல் 54. வந்த நஷ்ட ஈட்டைவிட அலைச்சலுக்கும் வக்கீலுக்கும் அவளுக்குச் செலவு அதிகம் ஆனது. அது தெரிந்தே செய்தாள்.

தன் போட்டோவை யாரோ மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டதால் இரண்டு மாதம் பள்ளிக்கு வராமல் இருந்த ஒரு பிள்ளை என் வகுப்பில் இருந்தாள். அதனால் இந்தப் பகுதியைச் சுருக்க எனக்கு மனசு வராது. கொட்டைகளை ஒவ்வொன்றாக வைக்க ஐந்து நிமிடம் ஆகும். ஆகட்டும்.

இதற்கு முன்பே 1901இல் ரயில் விபத்தில் முதுகில் பலமான அடி. 1922இல் கார் விபத்து, வலது காலுக்கு இரும்புச் சட்டம். அதோடும் மறுபடி துப்பாக்கியைத் தூக்கினாள். நடுவில் ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தாள். 1898இல் போர் வந்தபோது, குறி பார்த்துச் சுடும் பெண்கள் ஐம்பது பேரை அவரவர் துப்பாக்கியோடு கூட்டி வருகிறேன் என்று ஜனாதிபதிக்கே எழுதினாள். அரசாங்கம் ஏற்கவில்லை. 1926 நவம்பர் 3ஆம் தேதி கிரீன்வில்லில், காடை விற்ற அதே ஊரில், இறந்தாள். பதினெட்டு நாள் கழித்து, 21ஆம் தேதி, பட்லரும் போய்விட்டார்.

கேள்வி நேரத்தில் "நாங்க சுட முடியுமா?" என்பது நிச்சயம் வரும். முடியும் என்று சொல்லுங்கள், எங்கே என்பதையும் சொல்லுங்கள். பள்ளியில் என்.சி.சி. இருந்தால் அதில் சேரலாம். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோவில் நடந்த உலகக் கோப்பையில் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வாங்கினார். மனு பாக்கர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம். உத்தரப் பிரதேசத்துச் சந்த்ரோ தோமர் பாட்டி அறுபது வயதுக்கு மேல்தான் துப்பாக்கியையே தொட்டார். ஒரு பெண் உடனே "எங்க ஆயா கூட கத்துக்கலாமா?" என்றாள். கத்துக்கலாம் என்றேன்.

கடைசியில் பஞ்சிங் மெஷினை எடுங்கள். ஆனி சுட்டு ஓட்டை போட்ட சீட்டுகளைக் கூட்டத்தில் வீசுவார்கள். அந்தக் காலத்து இலவச டிக்கெட்டிலும் அதே மாதிரி ஓட்டை போட்டிருக்கும். அதனால் அமெரிக்காவில் ஓசி டிக்கெட்டுக்கே "ஆனி ஓக்லி" என்று பேர் வந்துவிட்டது. இதைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையின் அட்டையிலும் ஐந்து ஓட்டை போட்டுக் கொடுப்பேன். அடுத்த சனிக்கிழமை அதைக் கொண்டுவந்தால் முன்வரிசைப் பாய். ஓநாய்களின் பெயர் கேட்ட பெண் இப்போது பதினொன்றாவது படிக்கிறாள், கதைக்கு வருகிற வயது தாண்டிவிட்டது. போன மாதம் தங்கையைக் கொண்டுவந்து விட்டுப் போனாள். தங்கையின் கையில் அக்காவின் பழைய அட்டை இருந்தது, ஓரம் நைந்து, ஐந்து ஓட்டையோடு. அவளை முன்வரிசையில் உட்காரவைத்தேன்.